குடில் அட்டை இல்லாமல் எடுத்த படம்

திண்டுக்கல்

அன்பு மருமகள் பிரிஸ்கில்லாவுக்கு,

திண்டுக்கல் ஜில்லாவின் புகைப்படச் சக்கரவர்த்தியும், உன் அம்மாவோடு கூடப்பிறந்த ஒரே தொல்லையுமான கஸ்பார் மாமா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தப் பனிக்கட்டி தேசத்தில் மூக்கு உதிராமல் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம், வெயில் என்னைவிடச் சுகம், நேற்று மொட்டைமாடியில் காயப்போட்ட வடகம் அங்கேயே பொரிந்துவிட்டது. உன் அம்மா சுகமா என்பதற்குத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

கனடாவில் வாங்கிய புது வீட்டு ஹாலில் மாட்ட அம்மா தனியாக இருக்கிற படம் வேண்டும் என்று கேட்டாய். ரோசலின் அக்கா இந்த வயதுவரை தனியாக ஒரு படத்திலும் உட்கார்ந்ததில்லை, கல்யாணமானாலும் கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மையானாலும் கூட்டத்துக்குள் ஒரு தலை, அவ்வளவுதான். நம் ஊரில் ஒற்றை ஆள் படம் எப்போது ஹாலுக்கு வரும் என்று உனக்குத் தெரியாததா. ஏலே கஸ்பாரு, மாலையையும் எம்மகளே வாங்கி வச்சிருப்பாளோன்னு கேட்டு அக்கா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் படம் எடுக்க நீ அனுப்பிய வட்ட விளக்கு வந்தது. ஆள் வரும் என்று பார்த்திருந்த வீட்டுக்கு விளக்கு வந்தது. அதைப் போட்டதும் பழனிக்காரர்கள் திண்டுக்கல்லில் இரண்டாவது நிலா முளைத்துவிட்டது என்று கிளம்பி வந்திருப்பார்கள், நான்தான் சட்டென்று அணைத்துவிட்டேன். அணைப்பதற்குள் எடுத்த படத்தில் அக்காவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை வளையம், நெற்றி எண்ணெய்ச் சட்டி மாதிரி மினுங்கியது. படத்தைப் பார்த்துவிட்டு, என்னடா லாரி வெளிச்சத்துல மாட்டுன முயலு மாதிரி இருக்கேன் என்றாள்.

விளக்கைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு ஜன்னலிடம் வந்தேன். வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல், அதன் குறுக்கே என் மெல்லிசு வேட்டியைக் கட்டினேன், வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. டியூப்லைட்டை அணைத்தேன், இல்லாவிட்டால் முகம் பாதி நீலம் பாதி மஞ்சள். பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு அக்காவை உட்காரவைத்துப் பார்த்தால் ஜன்னல் பக்கத்துக் கன்னம் நன்றாக இருக்கிறது, மறுபக்கத்துக் கன்னத்தில் குழி. எம்புள்ள பாக்குற படம்டா, குழி கிழி தெரியப்படாது என்று உத்தரவு போட்டாள். சரியென்று கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்திருந்த தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம் நிறுத்தினேன், நிழல் ஓடிவிட்டது. பிரியாணி கட்டி வந்த வெள்ளித்தாளைக் கழுவி, அட்டையில் ஒட்டி மடியில் கொடுத்தேன், கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பும் ஓடிவிட்டது. ரவிக்கை தொளதொளவென்று தொங்கியதை முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பைப் போட்டு இழுத்தேன். படத்தில் வந்தவள் உன் கல்யாணத்தில் ஓடியாடிய ரோசலின். இப்படி ஒரு பொய்யை வெறும் வாயால் என்னால்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் என்ன பேசி அனுப்பினாய்? அம்மா சூப்பரா இருக்காங்க மாமா, முகத்துல என்ன களை, அப்ப நாங்க கிறிஸ்துமஸுக்கு வரல, அடுத்த வருசம் பாத்துக்கிறோம் என்றாய். அக்கா அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள், பாத்தியாடா நம்பிட்டா என்று ஜெயித்தவள் மாதிரி சொன்னாள், சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அய்யலூர்ச் சந்தையில் படத்தைப் பார்த்து ஆடு வாங்குகிறவன் ஒருவன் கிடையாது, முதுகைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவான். பெற்றவளுக்கு அந்த மரியாதைகூட இல்லையா? வீடியோ காலில் பார்க்கிறேனே என்பாய். அவள் போனைக் காதோடு ஒட்டிவைத்துத்தான் பேசுகிறாள், இந்த வருஷம் முழுக்க நீ பார்த்தது அம்மாவின் காதை.

வயிற்றில் வந்திருப்பது நல்ல வியாதி இல்லை. சாப்பாடு தங்குவதில்லை, கஞ்சி மட்டும் இறங்குகிறது. மகளை இப்பவே வரச்சொல்லுங்க, அடுத்த வருசம்லாம் வேண்டாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். போனில் மூச்சுவிடக் கூடாது என்று அக்கா அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால்தான் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறேன். நான் அளந்துவிடுகிறவன் என்பது உலகத்துக்கே தெரியும், என் பேச்சை நம்ப வேண்டாம், இதோடு வைத்திருக்கிற படத்தைப் பார். அதே ஜன்னல், அதே நாற்காலி, அட்டையும் தாளும் கிளிப்பும் மட்டும் இல்லை. எங்கடா அட்டைய காணோம் என்று கேட்டாள், குடிலுக்கு வேணும்னு எடுத்து வச்சுட்டேன் என்றேன். எடுத்ததைக் காட்டியதும், இதுதாண்டா நான் என்றாள். அனுப்பட்டுமா என்று நான் கேட்கவில்லை, அனுப்பாதே என்று அவளும் சொல்லவில்லை.

உன்னையும் மாப்பிள்ளையையும் பாப்பாவையும் அந்தோணியார் காக்கட்டும். முதல் படத்தை மாட்டியிருந்தால் கழற்றிவிடு. இரண்டாவதை மாட்டாதே, கையில் வைத்துக்கொண்டு பிளேன் ஏறு, மதுரையில் நான் வந்து நிற்கிறேன். ஜன்னலோர நாற்காலியை நகர்த்தவில்லை, பகலெல்லாம் அக்கா அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வடகத்தையும் நிலாவையும் தவிர இந்தக் கடிதத்தில் வேறெதையும் கூட்டிச் சொல்லாத
கஸ்பார் மாமா