கத்தரித்த பெயர்

நண்பா,

உன் நினைவுக் கூட்டத்துக்கான அறிவிப்புத்தாள் இன்று காலை மை காயாமலே என் கைக்கு வந்தது. அந்த மணம் என்னை வைகைக் கரையோரத்து உன் அச்சகத்துக்கே இழுத்துச் சென்றது.

ஆலைத் தொழிலாளரின் முறையீடுகளைத் தாங்கிக் கிழமைதோறும் உன் இதழ் வெளிவந்தது. மடல் ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரை முதலில் கத்தரித்து அடுப்பிலிடுவாய். பிறகுதான் அச்சுக்கோப்பவரிடம் தருவாய். ஒருநாள், உன் கத்தரி எட்டுமுன் ஒரு பெயரை நான் படித்துவிட்டேன். பால்குடிப் பிள்ளையை ஆலை வாயிலில் விட்டுவரும் தாய்மாரை இடையில் பாலூட்ட விடுவதில்லை என்று உசிலம்பட்டிப் பெண்ணொருத்தி எழுதுவித்திருந்தாள்.

நீ நகரவைத் தேர்தலில் நின்ற வேளை அது. கோரிப்பாளையத்து மேடையில் உனக்காக முழங்கினேன். எழுச்சியின் உச்சியில் அவள் பெயரையும் ஊரையும் சொல்லி, "இவளன்றோ மறத்தாய்!" என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. மறுநாள் காலை ஆலை வாயில் அவளுக்கு அடைபட்டது.

இடுப்பில் பிள்ளையோடு அச்சகத்துக்கு வந்தாள். "நல்லாத்தான் பேசுனீகளாம். எம்பேரு எதுக்குண்ணே?" என்றாள். 

நீ ஆலை மேலாளரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். நகரவையில் நீ அமர்வதை ஆலைக்காரர்கள் விரும்பவில்லை. தேர்தலிலிருந்து நீ விலகினால் அவளுக்கு வேலை உண்டு. ஏன் விலகினாய் என்று வெளியே தெரிந்தால் இல்லை என்றார்களாம்.

"விலகாதே! ஊரே உன்மீது காறி உமிழும்" என்று கத்தினேன்.

"துப்பட்டும் மாப்ள. எலெக்சன் இன்னொன்னு வரும். அந்தப் புள்ளைக்குப் பசி இப்பல்ல இருக்கு" என்றாய்.

"மில்லுக்காரன்கிட்ட வெல போயிட்டான்யா" என்று தேநீர்க்கடையில் உன் காதுபடவே சொன்னார்கள். கோப்பையைக் காலி செய்துவிட்டே நீ எழுந்தாய். என்னையும் வாய்திறக்க விடவில்லை. அந்தப் பழியோடே போய்ச் சேர்ந்தாய்.

சென்ற மாதம் அவள் ஆலையை விட்டு ஊர் திரும்பினாள். இனி அந்த வாயில் அவளை ஒன்றும் செய்ய முடியாது.

உன் கத்தரி இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்கு வரும் மடல்களிலும் முதலில் பெயரைத்தான் வெட்டுகிறேன். இன்று மாலை அதே கோரிப்பாளையத்தில் பேசுகிறேன். நீ விலகிய கதையைச் சொல்வேன். அவள் பெயர் வராது. பிழை செய்த என் பெயரைச் சொல்வேன். அதற்குக் கைதட்ட அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.