வெட்டுப்பட்ட நாற்பது வினாடி

அன்புள்ள வாலுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். அவருடைய முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும்தான் முறைத்துக்கொள்கிறது, மற்ற நேரம் சமர்த்தாக இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக உன்னிடமிருந்து போன் இல்லை, நான் கூப்பிட்டாலும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை என்னடா மீட்டிங்? காரணம் எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதே.

நடந்ததை நீ பாதிதான் கேட்டாய். என் ஜிஐஎஸ் பாடம், அதுதான் கணினியில் வரைபடம் போட்டு ஆராயும் பாடம், இந்தப் பருவத்திலிருந்து பாதி இணையத்தில், பாதி வகுப்பறையில் என்று துறையில் முடிவானதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்பா கேமராவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினால்தான் பேச்சே வந்தது. ஒரு மணி நேரம் நான் உளறியதை நீதான் உன் வேலைக்கு நடுவே இருபது நிமிடமாக நறுக்கித் தந்தாய். பிள்ளைகள் வீட்டில் வீடியோ பார்த்துப் பயிற்சியை அனுப்புவார்கள், சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள், அதுதான் ஏற்பாடு. மூன்றாவது வாரம் ஒரு பெண்ணின் பயிற்சி வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே படிக்கிறவள். ஊரில் உள்ள மருந்துக்கடைகளைக் குறிக்கச் சொன்னால் அத்தனையும் நடுக்கடலில் மிதந்தன. நான் என்ன எழுதினேன் தெரியுமா, "மீன்களுக்கா மருந்துக்கடை? வீடியோவைப் பார்த்துவிட்டு அனுப்பவும்." சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு சனிக்கிழமை அவள் வரவே இல்லை. பிறகு படிப்பை விடுவதாக மனு கொடுத்திருக்கிறாள் என்று அலுவலக குமாஸ்தா சொன்னார்.

வீடியோவைப் பார்த்தாளா இல்லையா என்று, யார் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று காட்டும் கணினிப் பதிவைத் திறந்தேன். பதினேழு தடவை பார்த்திருக்கிறாள், அதுவும் பன்னிரண்டாவது நிமிடத்தையே திரும்பத் திரும்ப. அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கணினியே தெரியாத மனிதர், "இங்க ஏதோ தாவுதே" என்றார். வரைபடத்தை எந்த அளவுமுறையில் உட்கார வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடம், நாற்பது வினாடி, காணோம். அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஊரே கடலுக்குப் போய்விடும். மற்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சமாளித்திருக்கிறார்கள். இவளுக்கு ஷிஃப்ட் வேலை, வகுப்பில் ஒருவரையும் தெரியாது. அந்தப் பதற்றத்தில்தான் உனக்குப் போன் செய்தேன், குரல் கடுமையாகத்தான் இருந்திருக்கும். "சாரிம்மா" என்று வைத்தவன்தான் நீ.

டேய், அந்த இடத்தில் இருமிக்கொண்டே பேசியது நான். இருமல் வரும் இடத்தையெல்லாம் எடுத்துவிடச் சொன்னதும் நான். நீ அனுப்பியதை ஒரு தடவை பார்க்காமல் ஏற்றியதும் நான்தான். எல்லாவற்றுக்கும் மேல் அந்த மீன் வரி என் கையால் எழுதியது, அதில் உனக்கு என்ன பங்கு?

மறுநாள் அவள் ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கே போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "பதினேழு தடவ பாத்தும் புரியலன்னா நான் மக்குதானே மேடம்" என்றாள். தப்பு வீடியோவில்தான், உன்னிடம் இல்லை, என்னை மன்னித்துவிடு என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சட்டென்று சமாதானமாகிவிடவில்லை, "யோசிச்சு சொல்றேன்" என்று போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் என் தவறை எல்லோருக்கும் சொன்னேன். அதே இடத்தில் மாட்டிக்கொண்டதாகப் பதினொரு பேர் கை தூக்கினார்கள், இத்தனை நாள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை பார். பாதி வகுப்பில் கதவு திறந்தது, அவள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மனுவைத் திரும்ப வாங்கிவிட்டாளாம். இப்போது அவளுடைய மருந்துக்கடைகளெல்லாம் கரையேறிவிட்டன, ஒன்று மட்டும் குளத்தில் கிடந்தது, அதையும் அவளே கண்டுபிடித்துச் சிரித்தாள். இனி சனிக்கிழமை முதல் அரை மணி நேரம் நான் பேசப்போவதில்லை, யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று அவர்கள் சொல்லட்டும்.

ஏழாவது வீடியோவை உனக்கு அனுப்பியிருக்கிறேன். வீடியோ நறுக்கத் துறையில் ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எந்த வேலையிலும் மனம் சோராமல் நீ நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசி. பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே.

உன்னை நினைத்தபடி,
அம்மா