குளிசையில்லாத ஆறு கிழமை

ஜனவரி 14, புதன்

காலிலும் பிரஷர் பார்ப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தெரியும். கையில் ஒரு பட்டி, கணுக்காலில் ஒரு பட்டி. இடக்காலில் கையை விட நல்லாய்க் குறைவு. காலுக்குப் போகிற இரத்தக்குழாயில் அடைப்பாம். அதாலதான் நடந்தால் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது, நிண்டால் விடுது.

டொக்டர் லக்சிகா கொலஸ்ரோல் குளிசை எழுதித் தந்தா.

"எனக்குக் கொலஸ்ரோல் நோர்மல் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"எண்டாலும் போடவேணும் அங்கிள். ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. நோகேக்க நிண்டு, பிறகும் நடவுங்கோ."

இல்லாத கொழுப்புக்கு ஏன் மருந்து? விளங்கேல்லை.

ஜனவரி 20

எங்கட கட்டடத்து ஒன்பதாம் மாடி விநாயகமூர்த்திக்கும் இதே வருத்தம், இதே குளிசை. வெளியில் பனி. இரண்டு பேரும் காலமை ஷொப்பிங் மோலுக்குள் நடக்கிறோம். எனக்கு 210 காலடியில் நோ தொடங்குது, அவருக்கு 260.

பெப்ரவரி 25

290! குளிசையோ, நடையோ? கார் பாட்ஸ் பக்டரியில் இருபத்தெட்டு வருசம் அளந்து அளந்து கழிச்ச ஆள் நான். ஒரே நேரத்தில் ரெண்டை மாத்தினால் எது வேலை செய்ததெண்டு எப்படித் தெரியும்? ஒண்டை நிப்பாட்டிப் பார்ப்பம்.

பெப்ரவரி 26

குளிசை போடேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

மார்ச் 12

மூர்த்திக்குச் சொல்லிப்போட்டன். ஒரு ஆளை வைச்சுச் சோதிச்சால் காணாது, நீரும் நிப்பாட்டும் எண்டன். அவருக்குப் போன வருசம் நெஞ்சில் அடைப்பெண்டு ஸ்ரென்ற் வைச்சது. கைமணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு "ஓம், ஓம்" எண்டார். நல்ல மனுசன்.

ஏப்ரல் 8

எனக்கு 430, மூர்த்திக்கு 510. குளிசையே இல்லாமல்! நாளைக்கு டொக்டரிட்டை இதெல்லாம் எழுதிற இந்தக் கொப்பியைக் காட்டவேணும்.

ஏப்ரல் 9

லக்சிகா கொப்பியை வடிவாய் வாசிச்சா. சிரிக்கேல்லை.

"நல்லா அளந்திருக்கிறியள். கால்நோ குறைஞ்சது கூடுதலா நடையாலதான். குளிசை தந்தது மாரடைப்பு, பாரிசவாதம் வராமலிருக்க, காலை இழக்காமலிருக்க. காலில அடைப்பெண்டால் இருதயத்திலயும் இருக்கலாம். வராமல் போன மாரடைப்பை எத்தினை காலடி எண்டு எழுதுவியள் அங்கிள்?"

கொப்பியை மூடினன். பிறகுதான் — மூர்த்தி! ஐயோ, ஸ்ரென்ற் வைச்ச மனுசன். போன் அடிச்சன், எடுக்கேல்லை. மூண்டு தரம். பஸ் பிடிச்சு நேரே ஒன்பதாம் மாடிக்கு. அந்தாளுக்கு ஏதும் நடந்தால் மனிசிக்கு என்ன முகத்தோட போய்ச் சொல்லுவன்? விசரன் நான், விசர் ஆராய்ச்சி.

கதவைத் திறந்தார், தலையில் துவாய். குளிச்சுக்கொண்டு நிண்டவராம்.

"மூர்த்தி, குளிசையைப் போடும், இப்பவே போடும்!"

"நான் எப்ப விட்டனான்?"

"அண்டைக்கு ஓம் எண்டீரே!"

"வேறென்ன சொல்லுறது? இல்லையெண்டால் மத்தியானம் வரைக்கும் என்னை நிப்பாட்டி வைச்சு விளங்கப்படுத்துவியள் அண்ணை. எனக்கு நடக்கவேணும்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்திட்டுது. அவரின்ர கதவடியிலேயே குந்தி இருந்திட்டன்.

ஏப்ரல் 10

குளிசை போட்டன். மூர்த்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திட்டுத்தான் நடக்க விட்டார்.