சீலனின் அட்டை முகம்

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து ஷிரோக்கோ, பாலைவனத்துச் சூட்டுக் காற்று. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் வேக்காடு.

வேலைகள்: நான் பராமரிக்கிற வயோதிப சின்யோராவின் மருந்துச் சீட்டு. இத்தாலியில் தங்க அனுமதி தரும் பெர்மெசோவைப் புதுப்பிக்கப் படம். அரிசி. சீலனின் முகம்.

கடைசியைத்தான் முதலில் செய்தேன். வுச்சீரியா சந்தையில் ஒரு படக்கடை ஞாயிறும் பாதி நாள் திறக்கிறது. தம்பி சீலனின் முகத்தை ஸ்கேன் பண்ணி லண்டனில் இருக்கும் தங்கை தர்சிக்கு அனுப்பியாயிற்று. கழுத்துக்குக் கீழே வெட்டச் சொன்னேன், சீருடை தெரியக் கூடாது. சண்டைக்கென்று இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிறகு கூட்டாளி ஒருவன் எடுத்து, ஆள் மாறி ஆள் மாறி என்னிடம் வந்து சேர்ந்த படம். இதை ராணுவம் நிற்கிற வன்னிக்கு, அம்மாவிடம், எப்படி அனுப்புவது? அம்மா இதைப் பார்த்ததே இல்லை. அங்கே இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், அதில் சீலனைக் கள்ளன் மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை லண்டனில் இலங்கை அணிக்கு மேட்ச். காணாமற்போனவர்கள் எங்கே என்று கேட்டு எங்கள் சனம் வெளியே பதாகையோடு நிற்கும். முன்பும் நின்றார்கள், தொலைக்காட்சியில் ஒரு நொடி வரவில்லை. உள்ளே பதாகை விடமாட்டார்கள். ஆனால் ஆட்டக்காரரின் முகத்தை அட்டையில் வெட்டி, தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போகிறவர்களை விடுவார்களாம். கமராக்காரனுக்கும் அவர்கள் என்றால் கொள்ளை ஆசையாம். தர்சி இதைச் சொல்லிச் சிரித்தாள். அப்படியென்றால் சீலனின் முகத்தை வெட்டுவோம் என்றேன். யோசனை என்னுடையது. பெருமைக்காக எழுதி வைக்கிறேன்.

2009 மே மாதம் அம்மா தன் கையாலேயே அவனை ராணுவத்திடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். நாலு வருடம், ஒரு செய்தியும் இல்லை. ஏதோ ஒரு முகாமில் வைத்திருந்தால், காவல் நிற்கிறவன் கட்டாயம் கிரிக்கெட் பார்ப்பான். சீலன் எட்டிப் பார்த்தால் தன் முகத்தையே காண்பான். தேடுகிறோம் என்று தெரிந்துவிடும். பைத்தியக்கார யோசனைதான். வேறு யோசனை யாரிடமும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு லீவு, இந்த ஊரில் வீட்டு வேலை செய்கிற எல்லோருக்கும். பஸ் பிடித்து பிரான்காச்சோவில் இருக்கும் சிநேகிதி தேவியின் வீட்டுக்குப் போனேன். தேவியின் கணவர் கணினியில் எப்படியோ மேட்சைப் பிடித்து வைத்திருந்தார். தேவி மொரிசியஸ்காரி. அவளுக்குத் தமிழ் சாமி கும்பிட மட்டும். மற்றதெல்லாம் எங்களுக்குள் இத்தாலியன்.

கமரா காட்டியவை: வாழைப்பழ வேஷத்தில் நாலு பேர். பியரைச் சிந்தியவன். உட்கார்ந்தபடி நித்திரை கொண்ட கிழவர். ஒரு புறா, மூன்று தரம். சிங்கக் கொடி, எண்ணவில்லை.

தர்சியிடமிருந்து செய்தி: "அக்கா, இப்ப எங்கட பக்கம் திருப்புறான். பாருங்கோ."

பார்த்தேன். திரும்பி வந்த கமரா பாதியில் நின்றது. பிறகு பந்தடிக்கிறவனின் சப்பாத்து. இன்னொரு தரம், ஆட்கள் எழும்பிக் கத்துவது தெரிந்தது, உடனே விளம்பரம். வர்ணனை செய்கிறவர்களுக்கு அவ்வளவு நேரமும் வானிலையைப் பற்றிக் கதைக்க விஷயம் இருந்தது.

எட்டு மணிக்குச் சின்யோரா வீட்டில் நிற்க வேண்டும். எழும்பும்போது தேவி என் கையைப் பிடித்தாள். "ரதி, ஒரு தடவை காட்டியது மாதிரி இருந்தது. நீ தண்ணீர் குடிக்கப் போனபோது." பொய். நல்ல மனதோடு சொன்ன பொய். பஸ்சில் அதை நம்பிப் பார்த்தேன், இரண்டு தரிப்பு வரை தாங்கியது.

இலங்கை வென்றதாம்.

ஜூன் 15, சனி

சின்யோராவுக்கு வயிறு சரியில்லை. துணி மூன்று தரம் துவைத்தேன்.

தர்சி அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். கொழும்புப் பத்திரிகை ஒன்றில் படம் வந்திருக்கிறது. கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். தர்சி வாயைத் திறந்து கத்துகிறாள், பக்கத்தில் சீலன் சிரிக்கிறான். அட்டையைப் பிடித்தவன் கண்ணன், தர்சியோடு வேலை செய்கிறவன், அவனும் வன்னிதான். படத்தில் அவன் கை இல்லை. அட்டையின் விளிம்பு இல்லை. பின்னால் வேறு அட்டை முகங்களைப் பிடித்து நின்றவர்கள் இல்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, கூட்டத்துக்குள் நிற்கிற ஆள் மாதிரிச் சீலனை விட்டிருக்கிறார்கள்.

கீழே எழுதியிருந்தது: காணாமற்போனவர்கள் லண்டனில் கிரிக்கெட் பார்க்கிறார்கள்.

"அது அட்டை எண்டு எழுதி அனுப்பினனான் அக்கா. போடேல்லை."

சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது அட்டை என்று, யாரும் நம்பமாட்டார்கள் என்றேன். அவளிடம் சொல்லாதது: எனக்குள்ளே வெட்கம் கெட்ட ஒரு சந்தோசம். அவன் முகம் அச்சில் வந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

பிரேசிலில் உதைபந்தாட்டப் போட்டி. மைதானங்களுக்கு வெளியே தெரு நிறையச் சனம். பஸ் கட்டணமாம், ஆஸ்பத்திரிக்குக் காசில்லையாம். இத்தாலிச் செய்தியில் நீளமாகக் காட்டினார்கள். ஒரு தாயை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள், அவள் கதைத்து முடியும்வரை கமரா அசையவில்லை.

"பாவம் சனங்கள். அவர்கள் பக்கம் நியாயம்" என்றார் சின்யோரா.

நியாயம்தான். ஆனாலும் எனக்கு எரிந்தது. அந்தத் தாயின் மேல் இல்லை, அசையாமல் நின்ற அந்தக் கமராவின் மேல்.

"உங்கள் நாட்டிலும் பந்து விளையாடுவார்களா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டுச் சூப்பை ஊட்டினேன்.

ஜூன் 19, புதன்

அம்மா எடுத்தார். வழக்கமாக மிஸ் கோல் மட்டும் தருகிறவர்.

"பிள்ளை, ஏன் என்னட்டை ஒளிச்சனீங்கள்?"

"என்னத்தையம்மா?"

"தம்பி லண்டனிலை நிக்கிறான். தர்சிக்குப் பக்கத்திலை. பேப்பரிலை கிடக்கு."

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து பேப்பரைக் கொடுத்தார்களாம். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம்.

"அப்பிடியே இருக்கிறான் பிள்ளை. ஒரு வயசும் கூடேல்லை. கன்னம் வைச்சிருக்கு."

அம்மா, அது அட்டை. வாய்வரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"அவங்கள் ஒரு கடுதாசியும் கொண்டுவந்தவங்கள். மகன் கிடைச்சிட்டான், இனி முறைப்பாடு வேண்டாமெண்டு. கையெழுத்தைப் போட்டுக் குடுத்திட்டன். பிள்ளை உயிரோடை இருக்கேக்கை முறைப்பாடு என்னத்துக்கு?"

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அரசாங்கத்தின் கோப்புகளில் சீலன் என்று ஒருவனைக் காணவில்லை என்பதற்கு இருந்தது அம்மா கொடுத்திருந்த அந்த முறைப்பாடு ஒன்றுதான். இனி அதுவும் இல்லை. யாரும் அவனைத் தேடத் தேவையில்லை.

"அவனை ஒருக்கா எடுக்கச் சொல்லு. என்னோடை கோவமோ? நான்தானே கையைப் பிடிச்சுக் குடுத்தனான்."

"கோவமில்லையம்மா."

"அப்ப ஏன் கதைக்கிறானில்லை?"

"வேலை கூடவாம்" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

லீவு. எங்கேயும் போகவில்லை. அரிசி இன்னும் வாங்கவில்லை.

தர்சியோடு சண்டை. முறைப்பாட்டைத் திரும்பக் கொடுக்கலாமாம், யாரோ விஷயம் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அம்மாதான் போக வேண்டும். போவதென்றால் உண்மை தெரிய வேண்டும்.

"சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன்."

"சொல்லு. அம்மா, முதல் ஆளைக் குடுத்தியள், இப்ப பேரையும் குடுத்திட்டியள் எண்டு சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள். அவளிடம் கத்தி என்ன பயன்? முகத்தை வெட்டச் சொன்னவள் நான். எனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

காற்று விட்டுவிட்டது. வானம் கழுவிவிட்ட மாதிரி.

சின்யோராவின் மருந்து வாங்கியாயிற்று. லிபெர்த்தா தெருவில் கடைக்கு முன்னால் நிற்கும்போதே அம்மாவின் மிஸ் கோல் ஐந்து. எடுத்தேன். அம்மன் கோயிலில் பொங்கினாராம். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாராம். தங்கள் பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் இரண்டு பேர் வந்து பேப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அவர்களும் லண்டனில் விசாரிக்கச் சொல்கிறார்களாம்.

"ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இராதெல்லோ? எடுப்பானோ?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்ல மூன்று சொற்கள் போதும்.

"ஓம் அம்மா. எடுப்பான்."

அரிசி வாங்கினேன். வீட்டுக்கு வந்து தர்சிக்கு எடுத்தேன், சண்டையைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. கண்ணனின் போன் நம்பரைக் கேட்டேன். அவனும் வன்னித் தமிழ்தான் கதைப்பான், சீலனின் வயது, போனில் முகம் தெரியாது.

ஏன் என்று கேட்டாள்.

சும்மா என்றேன்.