ஸ்டெல்லாவுக்கு நான் வைத்த பெயர்

ஜூன் 9, திங்கள்

வெயில். பள்ளி திறந்தும் குறையக் காணோம். புதன்கிழமை எட்டாம் வகுப்புக்குச் செல்போன் பாதுகாப்பு பற்றி நான் பேச வேண்டுமாம். த.ஆ. (தலைமையாசிரியர்) உத்தரவு. "நீங்கதான் போன் வெவரம் தெரிஞ்சவுக." ஸ்டாஃப் ரூமில் மற்ற யாரும் தலை நிமிரவில்லை, கெட்டிக்காரிகள்.

முதலில் என் போனையே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். செட்டிங்ஸ், ஆப்கள், அனுமதிகள்.

டார்ச் ஆப் – இருப்பிடம். வெளிச்சம் காட்ட நான் எங்கே நிற்கிறேன் என்று எதற்கு? நிறுத்தினேன்.
காலண்டர் ஆப் – மைக். தேதி காட்ட என் பேச்சை ஏன் கேட்கிறது? நிறுத்தினேன்.
சமையல் ஆப் – போட்டோ எல்லாம். ஆப்பையே தூக்கியாயிற்று.
கூப்பிடுபவர் பெயர் காட்டும் ஆப் – தொடர்புகள். இது உபயோகம். இருக்கட்டும்.

சாயங்காலம் கல்லலிலிருந்து ஸ்டெல்லா. தைக்க நீல ரவிக்கைத் துணி கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பு. சின்ன மகள் ஜெனிக்குத் தேவகோட்டை வரன் கூடி வருகிறது. "ஞாயித்துக்கெழமை பேசி முடிக்க வாராக டீச்சர். அண்ணனும் வாரேன்னுட்டாக."

மூத்தவள் சொல்லாமல் போய்க் கல்யாணம் பண்ணி இரண்டு வருடம். அன்றிலிருந்து வாசல் மிதிக்காத அண்ணன். தாய்மாமன் முன்னால் நிற்கப் போகிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு தெம்பு.

பால் பாக்கெட் ஒன்று கெட்டுவிட்டது.

ஜூன் 11, புதன்

பேசிவிட்டேன். நன்றாகவே. பெயர் காட்டும் ஆப் பற்றி நேற்று படித்ததையும் சொன்னேன். "நாம் ஒருவரை எந்தப் பெயரில் பதிகிறோமோ, அதையும் அந்த ஆப் எடுத்துக்கொண்டு போய் ஊருக்கே காட்டும்." பிள்ளைகள் கை தட்டினார்கள். த.ஆ. டீ வாங்கிக் கொடுத்தார்.

தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் பள்ளி வாசலில் ஸ்டெல்லா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

தேவகோட்டைக்காரர்கள் வரும் ஞாயிறு வரப்போவதில்லையாம். மூத்தவள் விஷயம் அவர்களுக்கு முன்பே தெரியும், இவளே சொல்லியிருந்தாள். ஆனால் இவள் கூப்பிட்டால் அவர்கள் போனில் வரும் பெயர் 'ஸ்டெல்லா ஓடிப்போனவ அம்மா'. "ஊரே ஒங்கள அப்படித்தான் சொல்லுதானு கேட்டாக டீச்சர்."

அந்தப் பெயரை எனக்குத் தெரியும்.

விசாரிப்பு தாங்காமல் அவள் நம்பரை மாற்றிப் போன வருடம் புது நம்பர் வாங்கினாள். வரன் பேசும்வரை அதை நாலே பேருக்குத்தான் கொடுத்திருந்தாள். இரண்டு மகள்கள், அண்ணன், நான்.

"மகளுக அம்மான்னுதான் போட்டிருக்குதுக. அண்ணன்தான் டீச்சர். கூடப் பொறந்தவுகளே இப்படிப் பண்ணுவாகளா? இனி மாமன்னு வாசல்ல வந்து நிக்க வேணாம்னு சொல்லிப்புட்டேன்."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். "அழாதே, பார்ப்போம்" என்றேன். "நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெல் அடித்தது. நல்லவேளை என்று நினைத்தேன். ச்சீ.

ஜூன் 13, வெள்ளி

என் போனில் மூன்று ஸ்டெல்லா. குழம்பாமல் இருக்க அடையாளம் போட்டேன். அவ்வளவுதான் என்று காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். பதியும்போது சிரித்துக்கொண்டே தட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

'ஸ்டெல்லா' என்று மட்டும் மாற்றினேன். அனுமதியை நிறுத்தினேன். ஆப்பையும் எடுத்தேன். பிறகு அதே ஆப் உள்ள என் வீட்டுக்காரர் போனில் அவள் நம்பரைத் தட்டிப் பார்த்தேன். ஓடிப்போனவ அம்மா. அப்படியே நிற்கிறது. இவர் எட்டிப் பார்த்து, "யாரு இவ்வளவு கேவலமாப் போட்டது?" "தெரியலை" என்றேன்.

அந்த ஆப்பின் தளத்தில் நம்பரை நீக்கச் சொல்லும் பக்கம் இருக்கிறது. நம்பருக்கு உரியவர்தான் கேட்க வேண்டும், சரிபார்க்க அவள் போனுக்கு ஓ.டி.பி. எண் வரும். அப்படியென்றால் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். என் போனில் இப்போது தடயமே இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இதையும் நினைத்தேன், எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, சனி

ஒன்றும் செய்யவில்லை. பரண் துடைத்தேன். அரிசி புடைத்தேன். இரண்டு முறை செக்காலைக் கடைத்தெரு வரை போய் வந்தேன், வாங்க ஒன்றுமில்லாமல்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே கல்லல் பஸ். ஸ்டெல்லா தையல் மிஷினில் இருந்தாள். உட்காராமலே சொன்னேன். "உன் அண்ணன் இல்லை. நான்தான்."

மிஷினை நிறுத்தினாள். அழவில்லை, திட்டவில்லை.

"ஒங்க போன்ல வேற ஸ்டெல்லா இருக்காகளா?"

"ரெண்டு பேர்."

"அவுகளுக்கு என்ன போட்டிருக்கீக?"

"ஸ்டெல்லா டீச்சர். ஸ்டெல்லா பால்."

"பதினோரு வருசமா ஒங்களுக்குத் தைக்கிறேன். ஸ்டெல்லா தையல்னு போட்டிருக்கலாம்ல டீச்சர்?"

நாளைக்கு நானே தேவகோட்டை போய்ச் சொல்கிறேன் என்றேன். பெயரை நீக்க அவள் போன் வேண்டும் என்றேன். நீட்டினாள். வந்த எண்ணைப் போட்டுப் பெயரை நீக்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு முறை தப்பாயிற்று.

பிறகு எனக்கு எதிரிலேயே அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒங்களத் தப்பா நெனச்சுப்புட்டேன். போட்டது வேற ஆளு." யாரென்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "அத விடுங்கண்ணே" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

அரை நாள் விடுப்பு. காரணம்: சொந்த வேலை. தேவகோட்டை பஸ்ஸில் எழுதுகிறேன். கண்டக்டர் சில்லறை கேட்டுக் கத்துகிறார். அங்கே போய் என் பெயரை நானேதான் சொல்ல வேண்டும்.