வெயில் ஏறினால் இறங்காத விலை

ஜானட்,

நீ என்னோடு பேச நாலு லட்சம் ஆகும் போலிருக்கிறது. விலையில் அந்த நாலு லட்சத்தைக் குறைக்கப் பார்த்துத்தானே ராயபுரம் வீட்டைக் கோட்டைவிட்டேன்!

காசிமேட்டு மீன் வியாபாரி மகனில்லையா, வெயில் ஏறினால் விலை இறங்கும் என்று காத்திருந்தேன். வீடு மீனைப்போல் நாறாது. வேறொருவர் வாங்கிவிட்டார்.

நேற்று திருவொற்றியூர் வீட்டை விட்டு வரும்போது நீ இரண்டு முறை திரும்பிப் பார்த்தாய். அந்த வீட்டுக்கு அவர்கள் சொன்ன விலையையே தருவதாகச் சொல்ல, முன்பணமும் பேங்க் கடிதமுமாக இப்போதே கிளம்புகிறேன்.

சங்கரா மீனைக் கழுவி வைத்திருக்கிறேன், குழம்பு வை. அதையும் பேரம் பேசாமல்தான் வாங்கினேன். மீன்கார அக்கா பயந்துபோய், "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்றாள்.

தாமஸ்

பி.கு.: நான் கேட்க வேண்டிய மன்னிப்பையும் குறைக்காமல் கேட்கிறேன்: தப்பு முழுக்க என்னுடையது. இனி உன் பக்கம்தான் பாக்கி, மூன்று நாள் பேச்சு.