ஆபத்துக்கு ஏற்ற குரல்

மார்ச் 3, செவ்வாய்

இனிமேல் 'தயவுசெய்து' என்ற சொல்லைச் சிரிக்காமல் சொல்வது என்று இன்று காலை முடிவெடுத்தேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும். லிஃப்ட்டிலும் கடைகளிலும் ஒலிக்கும் அறிவிப்புகளைப் பேசிக் கொடுப்பது என் வேலை. உதடு விரிந்தால் குரலிலும் அது கேட்கும்; ஆகவே மைக் முன்னால் பெண்கள் சிரித்தபடிதான் பேச வேண்டும். ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் "தீ, வெளியேறுங்கள்" பேசுகிறவர்கள்.

சிரிக்காமல் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார்: "என்ன மேடம், வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

முடிவு மதியச் சாப்பாடு வரை தாங்கியது.

மார்ச் 5, வியாழன்

ஆபத்து அறிவிப்பு பேசும் அண்ணன் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். புதிய வணிக வளாகத்தின் வேலை வந்திருக்கிறது. நான் பேசுகிறேன் என்றேன். எனக்கு வரும் வேலை குறைந்துகொண்டே போகிறது. இதுவும் கிடைக்காவிட்டால் என் நாற்காலி ஆடிவிடும். முதலாளி யோசித்தார்.

"நீங்க சொன்னா பயம் வராதும்மா. பாசம்தான் வரும்."

தீப்பிடிக்கும்போது பாசம் வருவது ஆபத்துதான். கெஞ்சியதில், வெள்ளிக்கிழமை ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்றார்.

மார்ச் 9, திங்கள்

தங்கையிடம் போனில் சொன்னேன். கல்லூரியில் பெண்ணியக் கோட்பாடு நடத்துகிறாள். பிறந்ததும் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் வீறிடுகிறது. யார் அதட்டலாம், யார் குழைய வேண்டும் என்பதை ஊர்தான் பிறகு பங்கு போட்டுக் கொடுக்கிறது என்றாள்.

"ஆணும் பொண்ணும் பழகிப் பழகி வர்றதுதான்க்கா. குரல்கூட."

"எவ்வளவு நாள் பழகணும்?"

"தலைமுறை தலைமுறையா."

"எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்டி."

மார்ச் 13, வெள்ளி

பேசினேன். சிரிக்கவில்லை. வளாகத்தின் மேலாளர் கேட்டுவிட்டு, அக்கறையாக இருக்கிறது, ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை என்றாராம்.

ஒலிப்பதிவாளர் கணினியில் சுருதியைக் காட்டும் ஒரு கோட்டைக் கீழே இழுத்தார். என் குரல் ஆண் குரலாகிவிட்டது. தலைமுறைகள் தேவைப்படவில்லை. யார் குரல் என்று சொல்லாமல் மேலாளருக்கு அனுப்பினார்கள். உடனே பதில் வந்தது: "இவர்தான் வேணும்."

சந்தோஷப்படணுமா? தெரியல. டீ ஆறிப் போச்சு. அப்படியே குடிச்சேன்.

மார்ச் 14, சனி

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11, சனி

கணவருடன் அந்த வளாகத்துக்குப் போனேன். தீ ஒத்திகை நடந்தது. "தீ. உடனே வெளியேறுங்கள்" என்றேன், மேலே கூரையிலிருந்து. எடுத்த சட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்தார்கள். வீட்டில் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சாப்பிட வராத மனிதர் எல்லோருக்கும் முன்னால் படியில் இறங்கினார்.

"யாரோ தெரியல. ஆம்பளைக் குரல்னா இப்படி இருக்கணும். தட்ட முடியுதா பாரு."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதையும் இந்தக் குரலில்தானே சொல்லியாக வேண்டும்? விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

லிஃப்ட்டுக்கும் அதே ஆண் குரல் வேண்டும் என்று வளாகத்தார் கேட்டிருக்கிறார்கள். மற்ற வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். பதிவானதை வைத்து இனி எந்த வாக்கியத்தையும் கணினியே அந்தக் குரலில் பேசிவிடுமாம். பெண் குரலை யாரும் கேட்பதில்லை என்று முதலாளி வருத்தத்தோடு சொன்னார்.

இந்த மாதத்தோடு எனக்கு வேலை இல்லை. அந்த ஆண் குரல்காரர் தொடர்கிறார்.